அளவான ஒளி

நுழையும் முன்

வெளிச்சம் மிகுந்தால் பார்வையும் தெளியும் என்பது பொதுவான எண்ணம். மிகுந்த வெளிச்சமே பார்வையை மறைப்பதும் உண்டு. கையடக்கத் திறன்பேசியின் திரையொளியை எப்போது கூட்ட வேண்டும், எப்போது குறைக்க வேண்டும் என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். யானைகள் நடமாடும் ஒரு மலையூரில் அது உயிரோடு தொடர்புடைய செய்தியாகும். கண்ணின் நலமும் மின்கலத்தின் ஆற்றலும் திரையொளியோடு கொண்டுள்ள தொடர்பை இப்பாடம் விளக்குகிறது.

1. யானை இறங்கும் ஊர்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அருகே சின்னக்கானல் என்னும் மலையூர் அமைந்துள்ளது. தேயிலைச் சரிவுகளும் ஏலத்தோட்டங்களும் சோலைகளும் புல்வெளிகளும் அங்கே அடுத்தடுத்துக் காணப்படும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறினால் பூப்பாறையைக் கடந்து இவ்வூரை அடையலாம். தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குச் சென்ற குடும்பங்கள் பல தலைமுறைகளாக இப்பகுதியில் வாழ்கின்றன. அவர்களுடைய வரிசை வீடுகளுக்கு 'லயம்' என்று பெயர். லயங்களில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும்.

சின்னக்கானலுக்கு அருகில் ஆனையிறங்கல் அணை உள்ளது. யானைகள் நீர் அருந்த இறங்கி வரும் இடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. மனிதர் தோட்டம் அமைப்பதற்கு முன்பிருந்தே யானைகளின் வழித்தடம் இது. காடு துண்டு துண்டாகப் பிரிந்த பின்னரும் யானைகள் தம் பழைய வழியை மறக்கவில்லை.

இப்பகுதியில் திரிந்த அரிக்கொம்பன் என்ற ஆண் யானையின் பெயர் 2023ஆம் ஆண்டில் நாடெங்கும் பேசப்பட்டது. மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. 'கொம்பன்' என்றால் தந்தமுள்ள ஆண் யானை. நியாயவிலைக் கடையை உடைத்து அரிசியை உண்டதால் இப்பெயர் ஏற்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 29ஆம் நாள் கேரள வனத்துறை மயக்க ஊசி செலுத்தி அதனைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டது. அங்கிருந்து அது தமிழ்நாட்டின் கம்பம் நகருக்குள் நுழைந்தது. சூன் மாதத்தில் தமிழ்நாடு வனத்துறை அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் சேர்த்தது. ஒரு யானை சென்றுவிட்டது. ஏனைய யானைகளின் வழித்தடம் அங்கேயே இருக்கிறது.

ஆகவே, மாலை மங்கியபின் வெளியே செல்வோருக்கு 'யானை எங்கே நிற்கிறது?' என்ற வினாவின் விடை மிகவும் தேவைப்படுகிறது. முற்காலத்தில் ஒருவர் மற்றவருக்குக் குரல் கொடுத்தும் தகரம் தட்டியும் அதனைத் தெரிவித்தனர். இக்காலத்தில் அச்செய்தி கைப்பேசி வழியாக விரைவில் பரவுகிறது. கைப்பேசியில் மின்னாற்றல் இருந்தால்தான் அச்செய்தி வந்து சேரும்.

2. ஒரு மாலைப்பொழுது

இப்பகுதியில் நிகழக்கூடிய ஒரு மாலைப்பொழுதைக் கீழ்வரும் கதைப்பகுதி காட்டுகிறது.

சூரியநெல்லிக்கு அப்பால் உள்ள ஒரு லயம். காற்றும் மழையும் சேர்ந்து வீசியதால் ஆறு மணிக்கே மின்சாரம் நின்றுவிட்டது. சமையலறையில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. தாய் இரவு உணவு சமைத்துக்கொண்டிருந்தாள். தந்தை ஏலக்காய் மூட்டைகளுடன் போடிநாயக்கனூருக்குச் சென்றிருந்தார். இரவு ஜீப்பில் சூரியநெல்லி வரை வந்து, அங்கிருந்து தோட்டப் பாதையில் நடந்து வருவது அவர் வழக்கம்.

ஆறாம் வகுப்பில் படிக்கும் மகள், கட்டிலில் அமர்ந்து கைப்பேசியில் காணொளி பார்த்துக்கொண்டிருந்தாள். பகலில் வெயிலில் பார்ப்பதற்காகக் கூட்டிவைத்த திரையொளி அப்படியே முழு அளவில் இருந்தது. பார்க்கத் தொடங்கியபோது மின்கலத்தில் 31 விழுக்காடு ஆற்றல் இருந்தது. ஒரு மணி நேரத்தில் அது 18 ஆகக் குறைந்தது. அப்பொழுது ஒரு செய்தி வந்தது. ஆனையிறங்கல் பக்கத்திலிருந்து மூன்று யானைகள் மேலேறி வருகின்றன என்று தோட்டக் காவலர் ஒருவர் தெரிவித்திருந்தார்.

சிறுமி எழுந்து சன்னலருகே ஓடினாள். அங்கே அப்பத்தா ஏற்கெனவே அமர்ந்திருந்தார்.

"வெளியில் ஒன்றும் தெரியவில்லை, அப்பத்தா. யானை இங்கே வரவில்லை போலிருக்கிறது."

"உன் கண்ணுக்குள் இன்னும் அந்த வெளிச்சமே நிற்கிறது, தாயி. வாழைக்குப் பக்கத்தில் கருப்பாக ஒன்று அசைவது எனக்குத் தெரிகிறது. பேச்சைக் குறை."

சிறுமி மீண்டும் உற்றுப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே மையிருட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. அவள் நம்பாமல் கைப்பேசியின் விளக்கை ஏற்றி வெளியே காட்ட முனைந்தாள். அப்பத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிச்சம் அடித்து அதனை மிரட்டாதே. அப்பாவுக்குச் சொல்ல அந்தப் போன் வேண்டும். அதை அணைத்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்."

சிறுமி திரையொளியை அடிவரை குறைத்தாள். தந்தைக்கு உடனே அழைத்தாள். அவர் மலைப்பாதையில் வந்துகொண்டிருந்ததால் இணைப்புக் கிடைக்கவில்லை. அடுத்த அழைப்பும் கிடைக்கவில்லை. கைப்பேசியின் திரையை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு அப்பத்தாவின் அருகில் அமர்ந்தாள். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மட்டும் திரையை ஏற்றி அழைத்துப் பார்த்தாள்.

மூன்றாம் முறை அழைத்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது, முன்பு வெறும் இருளாக இருந்த இடத்தில் வாழை இலைகளின் ஓரம் மெல்லத் தெரிந்தது. அதன் பின்னால் ஒரு பெரிய முதுகு அசைந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அவள் அப்பத்தாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

எட்டரை மணிக்கு இணைப்புக் கிடைத்தது. மின்கலத்தில் 15 விழுக்காடு இருந்தது.

"அப்பா, வாழைக்குப் பக்கத்தில் இரண்டு யானைகள் நிற்கின்றன. மூன்றாவது எங்கே என்று தெரியவில்லை. நீங்கள் நடந்து வராதீர்கள்."

தந்தை அன்றிரவு சூரியநெல்லியில் தெரிந்தவர் வீட்டில் தங்கினார். காலையில் வந்து பார்த்தபோது நான்கு வாழைகள் சாய்ந்து கிடந்தன. மூன்றாம் யானையின் காலடித்தடங்கள் அவர் நடந்து வரும் பாதையின் நடுவே ஈரமண்ணில் பதிந்திருந்தன.

3. கண் இருளுக்குப் பழகும் விதம்

அப்பத்தாவின் கண்ணுக்குத் தெரிந்த யானை, பேத்தியின் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? வயது கூடக் கூடக் கண் இருளுக்குப் பழகும் வேகம் குறையும் என்பதே உண்மை. ஆயினும் அப்பத்தா ஒரு மணி நேரமாக இருளிலேயே அமர்ந்திருந்தார். சிறுமியோ ஒளிமிக்க திரையை அப்போதுதான் விட்டு எழுந்தாள். வேறுபாடு அதில்தான் இருக்கிறது.

கண்ணின் கருமணி நடுவில் உள்ள துளை கண்பாவை எனப்படும். ஒளி மிகுந்த இடத்தில் அதன் குறுக்களவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டராகச் சுருங்கும்; இருளில் இளையோர்க்கு 8 மில்லிமீட்டர் வரை விரியும். இம்மாற்றம் சில நொடிகளில் நிகழ்ந்துவிடும். இருளில் பார்ப்பதற்கு இது மட்டும் போதாது.

கண்ணின் உட்புறச் சுவரான விழித்திரையில் இருவகைச் செல்கள் உள்ளன. கூம்புச் செல்கள் நல்ல ஒளியில் நிறங்களையும் நுண்ணிய விவரங்களையும் காட்டும். இவை ஏறத்தாழ 60 இலட்சம். குச்சிச் செல்கள் மங்கிய ஒளியில் உருவத்தையும் அசைவையும் காட்டும். இவை ஏறத்தாழ 12 கோடி. குச்சிச் செல்களில் ரோடாப்சின் என்னும் நிறமி உள்ளது. மிகுந்த ஒளி படும்போது அந்நிறமி சிதைந்துவிடும். இருளில் அது மீண்டும் சிறிது சிறிதாக உருவாகும். முழுமையாக உருவாவதற்கு 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். இந்நிறமி உருவாக வைட்டமின் 'ஏ' இன்றியமையாதது. முருங்கைக்கீரை, கேரட் முதலிய உணவுகளால் மாலைக்கண் நோய் தடுக்கப்படுவதற்குக் காரணம் இதுவே.

இருளுக்கு நன்கு பழகிய கண்ணின் முன்னே முழு ஒளியுள்ள திரையைச் சில நொடிகள் காட்டினாலும், அது பெற்ற பழக்கத்தில் பெரும்பகுதி கலைந்துவிடும். திரையொளி மிகக் குறைவாக இருந்தால் இழப்பும் குறைவாக இருக்கும். ஆழ்ந்த சிவப்பு ஒளியைக் குச்சிச் செல்கள் மிகக் குறைவாகவே உணரும். விண்மீன்களை ஆராய்வோர் இரவில் சிவப்பு விளக்கைப் பயன்படுத்துவது இதனால்தான். எனவே, இருளில் வெளியே செல்லவிருக்கும் ஒருவர் அதற்கு முன்பாகவே திரையை மங்கச் செய்வதும், கூடுமானால் அணைத்து வைப்பதும் அறிவுடைமை.

4. திரைக்குள் இருப்பது

திறன்பேசிகளில் பெரும்பாலும் இருவகைத் திரைகள் உள்ளன. முதல்வகை எல்.சி.டி. எனப்படும் நீர்மப் படிகத் திரை. இதில் படத்தைக் காட்டும் அடுக்குக்குத் தானாக ஒளிரும் தன்மை இல்லை. அதன் பின்புறத்தில் வெண்ணிற விளக்குகள் உள்ளன. முன்னே உள்ள நீர்மப் படிகங்கள் அவ்வொளியைத் தேவைப்படும் இடத்தில் விட்டும், வேண்டாத இடத்தில் தடுத்தும் படத்தை உண்டாக்குகின்றன. கருப்பு நிறம் காட்டும்போதும் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இவ்வெண்ணிற விளக்குகள் உருவாக நீலநிற ஒளியுமிழ் டையோடு அடிப்படையானது. அதனைக் கண்டறிந்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரண்டாம் வகை ஓ.எல்.இ.டி. திரை. இதில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிரும். கருப்பு நிறம் தேவையான இடத்தில் அப்புள்ளி அணைந்துவிடும். எனவே இவ்வகைத் திரையில் கருப்புப் பின்னணியைப் பயன்படுத்தினால் மின்னாற்றல் மிஞ்சும், எல்.சி.டி. திரையில் மிஞ்சுவது மிகக் குறைவு.

கருப்புப் பின்னணி ஒன்றே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓ.எல்.இ.டி. திரைகளில் இதனை அளந்து 2021இல் வெளியிட்டனர். திரையொளி 30 முதல் 50 விழுக்காடு வரை இருக்கும்போது, வெள்ளைப் பின்னணியிலிருந்து கருப்புக்கு மாறுவதால் சராசரியாக 3 முதல் 9 விழுக்காடு ஆற்றலே மிஞ்சியது. திரையொளி முழு அளவில் இருக்கும்போதோ 39 முதல் 47 விழுக்காடு மிஞ்சியது. திரையொளியை ஏற்கெனவே குறைத்துவிட்டவர், கருப்புப் பின்னணியால் பெறும் கூடுதல் பயன் சிறிதே என்பது இதனால் விளங்கும். முதலில் செய்ய வேண்டியது ஒளியைக் குறைப்பதே.

5. கணக்கிட்டுப் பார்த்தல்

இக்காலத் திறன்பேசிகள் பலவற்றில் 5000 மில்லிஆம்பியர்-மணி அளவுள்ள லித்தியம் அயனி மின்கலம் உள்ளது. அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.85 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் அதன் ஆற்றல் சுமார் 19 வாட்-மணி எனக் கிடைக்கும். அதில் 20 விழுக்காடு மிஞ்சியிருந்தால், கையிருப்பு 3.8 வாட்-மணி.

ஓர் எடுத்துக்காட்டுக்காக, முழு ஒளியில் திரை 1.5 வாட்டும், பேசியின் பிற உறுப்புகள் 0.5 வாட்டும் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். மொத்தம் 2 வாட். 3.8 வாட்-மணியை 2 வாட்டால் வகுத்தால் 1.9 மணி. கையிருப்பு இரண்டு மணி நேரத்திற்குள் தீர்ந்துவிடும். திரையொளியைக் குறைத்து அதன் தேவையை 0.4 வாட் ஆக்கினால், மொத்தம் 0.9 வாட். கையிருப்பு 4 மணி நேரத்திற்குச் சற்று மேல் வரும். திரையை முற்றிலும் அணைத்து, செய்திக்காகக் காத்திருக்கும் நிலையில் 0.1 வாட் மட்டும் செலவாகுமானால், அதே கையிருப்பு 38 மணி நேரம் நீடிக்கும். பேசிக்குப் பேசி இவ்வெண்கள் மாறும். அவற்றின் வரிசை மாறாது.

ஒளியைக் குறைப்பதால் பார்வைக்கு ஏற்படும் இழப்பு எதிர்பார்க்கும் அளவுக்குப் பெரிதன்று. திரை வெளியிடும் ஒளி பாதியாகக் குறைந்தாலும், கண்ணுக்கு அது பாதியாகத் தோன்றாது. சற்றே மங்கியதாகத்தான் தோன்றும். கண்ணின் உணர்வு ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் அமைவதில்லை என்பதே காரணம். ஆகவே சிறிதளவு வசதியை விட்டுக்கொடுத்து மிகுதியான ஆற்றலைச் சேமிக்க இயலும்.

6. கண்ணுக்கு ஏற்ற அளவு

திரையொளியை எப்போதும் குறைத்தே வைக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ ஒரு இலட்சம் லக்ஸ். வீட்டினுள் மாலை விளக்கொளி பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ். முழுநிலவின் ஒளி ஒரு லக்ஸிலும் குறைவு. வெயிலில் மங்கிய திரையைப் பார்ப்பவர் கண்களைச் சுருக்கிக்கொண்டு வருந்துவர். இருட்டறையில் முழு ஒளித்திரையைப் பார்ப்பவருக்குக் கண் கூசும். இரண்டும் கண்ணுக்குச் சோர்வு தருவனவே. சூழலின் ஒளியோடு திரையின் ஒளி ஒத்திருப்பதே அளவான ஒளி.

இவ்வளவை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. திரையில் வெண்ணிறப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதனருகில் ஒரு வெள்ளைத் தாளை வைக்க வேண்டும். திரை விளக்கைப் போல் எரிந்தால் ஒளி மிகுதி. சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஒளி குறைவு. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றினால் ஒளி பொருத்தமானது.

பெரும்பாலான பேசிகளில் முன்பக்கக் காமிராவின் அருகே ஓர் ஒளியுணரி உள்ளது. சூழலின் ஒளியை அது அளந்து, திரையொளியைத் தானே கூட்டியும் குறைத்தும் அமைக்கும். அமைப்புகள் பகுதியில் 'தானியங்கு ஒளிர்வு' என்பதனை இயக்கினால் இவ்வசதி கிடைக்கும். விரலோ உறையோ உணரியை மறைத்தால், அது சூழல் இருண்டது எனக் கருதித் திரையை மங்கச் செய்துவிடும்.

திரையை உற்று நோக்கும்போது மனிதர் கண் இமைப்பது குறைகிறது. அதனால் கண் உலர்ந்து எரிச்சல் உண்டாகிறது. 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள பொருளை, 20 நொடி பார்ப்பது கண் மருத்துவர் கூறும் எளிய பழக்கம். உறங்கும் முன் ஒளிமிக்க திரையைப் பார்த்தால், உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். இரவில் திரையை மங்கச் செய்வதைவிட, உறங்கும் நேரத்திற்கு முன்பே அதனை அணைத்து வைப்பது மேலும் நன்று.

7. குறைக்கத் தக்கதும் தகாததும்

மின்னாற்றலைச் சேமிக்க விரும்பும் சிலர் பேசியை விமானப் பயண நிலையில் வைத்துவிடுகின்றனர். ஆற்றல் மிஞ்சும், ஆனால் அழைப்பும் செய்தியும் வாரா. யானை நடமாடும் ஊரில் அச்சிக்கனம் தீங்காக முடியும். கடுமையான மின்சேமிப்பு நிலையில் சில செயலிகளின் செய்திகள் தாமதமாக வரக்கூடும். ஆகவே, குறைக்க வேண்டியது திரையின் ஒளியையும், திரை எரியும் நேரத்தையும்தான். பயன்படுத்தாதபோது 30 நொடியில் திரை தானே அணையுமாறு அமைப்பது நன்று. அழைப்பொலியை மட்டும் நிறுத்திவிடலாகாது.

மலைப்பகுதிக்கு உரிய வேறு இரண்டு காரணங்களும் உள்ளன. கோபுரம் தொலைவில் இருந்தால், அலைவரிசையை எட்டுவதற்காகப் பேசி மிகுதியான ஆற்றலைச் செலவிடும். கடுங்குளிரில் லித்தியம் அயனி மின்கலம் தன் முழு ஆற்றலைத் தராது. மூணாற்றுப் பகுதியில் குளிர்கால அதிகாலைகளில் வெப்பநிலை உறைநிலையை நெருங்குவதுண்டு. அத்தகைய நாள்களில் பேசியைச் சன்னலோரத்தில் வைக்காமல் சட்டைப்பையில் உடலோடு ஒட்டி வைத்திருப்பது பயன்தரும். வெளிச்சத்திற்குத் தனியான கைவிளக்கு ஒன்றை வைத்துக்கொண்டால், பேசியின் ஆற்றல் பேசுவதற்கே எஞ்சும்.

8. வால்பாறை காட்டிய வழி

கைப்பேசியும் விளக்கும் உயிர் காப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உள்ளது. கோவை மாவட்டத்து வால்பாறையும் சின்னக்கானலைப் போலவே தேயிலைத் தோட்டங்களும் காட்டுத்துண்டுகளும் கலந்த மேட்டுநிலம். அதனைச் சூழ்ந்து ஆனைமலைப் புலிகள் காப்பகம் உள்ளது. அங்கே இரவில் தோட்டப் பாதையில் நடந்தவர்கள், யானை நிற்பதை அறியாமல் அதன் அருகே சென்று உயிரிழந்தனர்.

இதனை ஆராய்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பினர், யானையின் இருப்பிடத்தை மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் முறையை உருவாக்கினர். முதலில் உள்ளூர்த் தொலைக்காட்சியில் செய்திவரி ஓடியது. பின்னர் கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. 2011 முதல், உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள் நிறுவப்பட்டன. அருகில் யானை இருந்தால், பொறுப்பாளர் ஒருவர் தம் கைப்பேசியிலிருந்தே அவ்விளக்கை ஏற்றுவார். வேலை முடிந்து திரும்புவோர் தொலைவிலேயே அதனைக் கண்டு எச்சரிக்கை அடைவர். இப்பணிக்குத் தலைமை ஏற்ற ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது வழங்கப்பட்டது.

இம்முறையில் யானையை விரட்டுவதற்கு இடமில்லை. யானை தன் வழியில் செல்கிறது. மனிதர் செய்தியறிந்து தம் வழியை மாற்றிக்கொள்கின்றனர். அதற்குத் தேவைப்படுபவை இரண்டு: செய்தியைப் பெறும் அளவுக்கு ஆற்றல் மிஞ்சிய கைப்பேசி, இருளையும் ஊடுருவிப் பார்க்கும் அளவுக்குப் பழகிய கண். திரையின் ஒளியைக் குறைக்கும் ஒரு விரலசைவு இவ்விரண்டுக்கும் துணை செய்கிறது.

சொல்லும் பொருளும்

ஒளிர்வு – திரை வெளியிடும் ஒளியின் அளவு
மின்கலம் – பேட்டரி
விழித்திரை – கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் சுவர்
நிறமி – நிறம் தரும் பொருள்
ஒளியுணரி – சூழலின் ஒளியை அளக்கும் சிறு கருவி
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு
மாலைக்கண் – மங்கிய ஒளியில் பார்வை குன்றும் நோய்

மொழியோடு உறவாடு

தமிழில் 'யானை' என்பதோடு 'ஆனை' என்ற வடிவமும் வழங்குகிறது; மலையாளத்தில் 'ஆன' என்பர். தமிழில் 'அரிசி', மலையாளத்தில் 'அரி'. அண்டை மொழிகளின் உறவை இச்சொற்கள் காட்டுகின்றன.

ஆனை + இறங்கல் = ஆனையிறங்கல். ஐகாரத்தில் முடியும் சொல்லின் முன் உயிரெழுத்து வந்தால், இடையில் 'ய்' என்னும் உடம்படுமெய் தோன்றும். இதுபோல் கீழுள்ளவற்றைச் சேர்த்து எழுதுக.
அ) திரை + ஒளி
ஆ) மலை + ஊர்
இ) வாழை + இலை

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஆனையிறங்கல் என்னும் பெயரின் பொருள் யாது?
2. குச்சிச் செல்களின் பணி யாது?
3. எல்.சி.டி. திரையில் கருப்புப் பின்னணியால் மிஞ்சும் ஆற்றல் ஏன் குறைவு?
4. விமானப் பயண நிலையில் பேசியை வைப்பது சின்னக்கானலில் ஏன் தீங்காகலாம்?

ஆ. விரிவான விடை எழுதுக.
1. அப்பத்தா கண்ட யானையைச் சிறுமி முதலில் காணாததற்கும், பின்னர் கண்டதற்கும் உள்ள காரணங்களை விளக்குக.
2. "வெளிச்சம் அடித்து அதனை மிரட்டாதே. அப்பாவுக்குச் சொல்ல அந்தப் போன் வேண்டும்." அப்பத்தா கூறிய இரு காரணங்களையும் பாடத்தோடு பொருத்தி எழுதுக.
3. வால்பாறையில் யானை பற்றிய செய்தி மக்களைச் சென்றடையும் முறையைப் படிப்படியாக விவரிக்க.

இ. கணக்கிடுக.
மின்கலத்தில் 4.5 வாட்-மணி ஆற்றல் உள்ளது. முழு ஒளியில் பேசி 1.8 வாட் எடுத்துக்கொள்கிறது. ஒளியைக் குறைத்தால் 0.9 வாட் எடுத்துக்கொள்கிறது. இரு நிலைகளிலும் அது எத்தனை மணி நேரம் இயங்கும்?

ஈ. செய்து பார்த்து எழுதுக.
1. வெள்ளைத் தாள் சோதனையை நண்பகல், மாலை, இரவு ஆகிய மூன்று வேளைகளில் வீட்டுப் பெரியவரின் துணையோடு செய்க. ஒவ்வொரு வேளையிலும் பொருத்தமாக இருந்த திரையொளியின் அளவை அட்டவணையாக எழுதுக.
2. வீட்டில் உள்ள முதியவரிடம், கைப்பேசி இல்லாத காலத்தில் இடர் பற்றிய செய்தியை ஊரார் எவ்வாறு பரிமாறிக்கொண்டனர் எனக் கேட்டுப் பத்து வரிகளில் தமிழில் எழுதுக.